பழைய சீட்டில் வாங்கும் தூக்கம்



மருந்துக்கடை வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் நைந்து, செல்லோடேப் ஒட்டிய சீட்டு ஒன்று நீளும். "அதே தூக்க மாத்திரைதான் தம்பி, ஒரு அட்டை குடு." சீட்டின் தேதியை யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்தபோதோ, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோதோ, பத்து நாளைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. துக்கம் ஆறிவிட்டது, தையலும் பிரித்தாயிற்று. மாத்திரை மட்டும் தொடர்கிறது.

குடியென்றால் வீடே கூடிப் பேசும். இது அப்படியில்லை. டாக்டர் எழுதியது, வேளை தவறாமல் சாப்பிடுகிறார், அப்புறம் என்ன என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அல்பிரசோலாம், டயஸிபாம், நைட்ரஸிபாம் போன்ற மாத்திரைகளைச் சொன்ன அளவில் சாப்பிட்டாலும், சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடக்கூடும். 1988லேயே பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்றது. நம் நாட்டில் 2014 மார்ச் முதல் இவை 'எச்1' பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்க வேண்டும்; விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.

எப்படிக் கண்டுகொள்வது? ஒன்றில் வந்த தூக்கத்துக்கு இப்போது ஒன்றரை வேண்டியிருக்கும். அட்டையில் நாலு மாத்திரை மிஞ்சும்போதே பதற்றம் தொடங்கும். ஒரே மாத்திரைக்கு இரண்டு டாக்டர், மூன்று கடை என்று அலைச்சல். பகலில் மந்தம், நடையில் தள்ளாட்டம், மறதி. வயதானவர் என்றால் எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடுகிறோம். பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகாவது மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டாமா? மதுவோடு சேர்ந்தாலோ மூச்சே அடங்கிப்போகலாம்.

விஷயம் தெரிந்ததும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: கோபத்தில் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் இந்த மருந்து மூளையின் பரபரப்பை அழுத்தி வைத்திருக்கிறது. சட்டென்று கையை எடுத்தால், அமுக்கிய ஸ்பிரிங் போல அது எகிறும். நடுக்கம், வியர்வை, இரவெல்லாம் விழிப்பு. சிலருக்கு வலிப்பே வரும், உயிருக்கும் ஆபத்து. வலிப்பு நோய்க்காக இவ்வகை மருந்து சாப்பிடுபவர்களும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

சிகிச்சையின் சூட்சுமம் பொறுமைதான். மனநல மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாக, பல வாரங்களுக்கும் சிலருக்கு மாதங்களுக்கும் நீட்டிக் குறைப்பார். தேவையானால் மெதுவாக வெளியேறும் டயஸிபாமுக்கு மாற்றி, பிறகு குறைப்பார். கூடவே தூக்கமின்மைக்கான மனப்பயிற்சி சிகிச்சையும் உண்டு: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, 'தூங்காவிட்டால் என்ன ஆகுமோ' என்ற பயத்தைத் தணிப்பது. முதலில் எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் 'டெலி மானஸ்' எண்ணான 14416ஐ அழைக்கலாம், கட்டணமில்லை.

"இந்த வயசுக்கு மேல எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவின் கியூபெக்கில், 65 வயதைத் தாண்டிய, இந்த மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டுவந்தவர்களிடம் ஓர் எளிய கையேட்டைக் கொடுத்தார்கள். மருந்தின் தீங்கும், படிப்படியாகக் குறைக்கும் முறையும் அதில் இருந்தன. 2014இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதத்தினர் மாத்திரையை விட்டிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் 5 சதவீதத்தினரே. விவரத்தை நேராகச் சொன்னால் பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பக்கத்தை எழுதினேன். வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால், திட்டாமல் படித்துக் காட்டுங்கள். டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்