கோடு போட்ட ஓடும் பேசும்!

மழை பெய்து ஓய்ந்ததும் காட்டை உழுகிறோம். மண்ணோடு ஓர் ஓட்டுச் சில்லு மேலே வருகிறது. என்ன செய்கிறோம்? எடுத்து வேலியோரம் வீசுகிறோம்!

நொய்யல் கரைக்காரர்களே, வீசுவதற்கு முன் அதைக் கழுவிப் பாருங்கள்.

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள சிற்றூர் கொடுமணல். பதிற்றுப்பத்து என்ற சங்க நூலில் கொடுமணம் என்று வருவது இந்த ஊரே என்பர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தார்கள். பின்னர் மற்றவர்களும் அகழ்ந்தார்கள். எழுத்துப் பொறித்த ஓடுகள் 500க்கு மேல் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன. ஊரே வியந்தது!

அதே மண்ணில் வேறு வகை ஓடும் கிடைத்தது. அதில் எழுத்து இல்லை. வெள்ளைக் கோடுகள் மட்டுமே. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இது சரியல்ல.

அந்தக் கோடு எப்படி வந்தது? பானை மீது வெள்ளை மண்ணால் கோடு வரைந்தார்கள். அதன் மேல் காவிக் குழம்பு பூசினார்கள். பிறகு சூளையில் சுட்டார்கள். சிவந்த பானையில் வெள்ளைக் கோடு தெரிந்தது. சோறும் நீரும் வைக்கக் கோடு தேவையா? தேவையில்லை. ஆனாலும் அழகு வேண்டும் என்று ஒரு கை நினைத்தது. அந்தக் கைக்கு எழுதத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதனால் அது மட்டமான கையா?

தென் அமெரிக்காவில் பெரு நாட்டைப் பாருங்கள். அங்கே 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட இன்கா மக்களுக்கு நம்மைப் போன்ற எழுத்து இல்லை. குயவர் சக்கரமும் இல்லை. கையாலேயே பெரிய குடங்கள் செய்து, கட்டமும் முக்கோணமும் செடியும் தீட்டினார்கள். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கின்றன. நம் கோட்டை நாம் வேலியோரம் வீசலாமா?

ஒன்று சொல்வேன். ஓடு கிடைத்தால் ஆசையில் மேலும் தோண்டாதீர்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்தே அதன் வயதைக் கணிக்கிறார்கள். இடம் கலைந்தால் பாதிக் கதை போயிற்று. இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்கேயும் சொல்லலாம்.

பிள்ளைகளிடமும் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். வாசலில் அம்மா போடும் கோலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்!