மண்ணின் மேல் பழி வேண்டாம்

அட்டப்பாடியில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் கைக்குழந்தைக்குத் தும்மலும் மூக்கடைப்பும் வந்தால், வீட்டுப் பெரியவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "இந்த ஊர் மண் ஒத்துக்கொள்ளவில்லை." அகளியில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைப்பது உண்மைதான். ஆனால் குழந்தை நாளெல்லாம் இருப்பது தெருவில் அல்ல, தூளியில். அந்தத் தூளியைச் சுற்றி நாம் செய்வது என்ன?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். குளிப்பாட்டியதும் சாம்பிராணி, பிறகு கை நிறையப் பவுடர், அடுத்த அறையில் விறகடுப்பு, மாலையில் கொசுவர்த்தி. மூக்கு அடைத்ததும் வெளிப் புழுதிக்குப் பயந்து சன்னலைச் சாத்தினோம். புகை முழுவதும் உள்ளேயே நின்றது. ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு ஓடினோம். மருத்துவர் முதலில் விசாரித்தது ஊர்ப் புழுதியை அல்ல, வீட்டுப் புகையைத்தான்.

ஒரு வயதுக்குள் மூக்கடைப்பு வருவது பெரும்பாலும் சளிக் கிருமியாலோ புகையாலோதான். தூசி ஒவ்வாமை மெல்ல மெல்லவே உருவாகிறது. அதற்கு முக்கியக் காரணம் வீதி மண் அல்ல. மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்னும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி.

ஆகவே வைத்தியத்தை வீட்டிலேயே தொடங்கலாம். சாம்பிராணியும் பவுடரும் குழந்தைக்கு வேண்டாம். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. கொசுவுக்குச் சுருளை விட வலை நல்லது. வீடு கூட்டும்போது குழந்தையை வெளியே தூக்கிச் செல்லுங்கள்; பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். தூளித் துணி, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம். கைக்குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. மூக்கடைப்புக்கு, மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும். மூக்கில் எண்ணெய் விடுவதும், ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதும் ஆபத்து.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மருந்தையும் நான் எதிர்க்கிறேன். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தரக்கூடாதென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அறிவித்தது. நம் வீட்டு அலமாரிகளில் அத்தகைய பாட்டில்கள் இன்னும் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

வீட்டு வைத்தியத்துக்கும் எல்லை உண்டு. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேல் மூச்சு விட்டாலும், எந்தக் குழந்தைக்கும் விலா உள்ளிழுத்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் காத்திருக்காதீர்கள். கோட்டத்தறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கோவை வரை போகும் நேரத்தையும் மிச்சப்படுத்தலாம்.

நமக்குச் சோறு போடும் மண் இது. அதைக் குறை சொல்லுமுன் நம் வீட்டுப் புகையை அணைப்போம்.