குவாங்சோவில் எந்தப் பக்கம் தங்கலாம்?



சீனாவின் குவாங்சோ வணிகச் சந்தை நெருங்கும் மாதங்களில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "குவாங்சோ போகிறேன், எந்தப் பக்கம் ரூம் போடலாம்?" பனியன் கம்பெனிக்கு ஜிப்பும் பட்டனும் வாங்கப் போகிறவரும் கேட்கிறார், பிள்ளைகளோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவரும் கேட்கிறார். இந்த முறை எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எத்தனை நட்சத்திரம், என்ன வாடகை என்பதை அப்புறம் பாருங்கள். ஒன்றரைக் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் ஊர் அது. தப்பான மூலையில் நல்ல ஓட்டல் கிடைத்தாலும் பாதி நாள் பயணத்திலேயே போய்விடும். முதலில் மெட்ரோ வரைபடத்தை எடுத்து 8ஆம் வழித்தடத்தில் விரல் வையுங்கள். மேற்கே பழைய நகரத்தில் ஹுவாலின் கோவில், கலாசாரப் பூங்கா ஆகிய நிலையங்களைத் தொட்டு, முத்து ஆற்றைக் கடந்து, ஜோங்தா துணிச் சந்தை வழியாகக் கிழக்கே பாசோ வரை போகிறது அது. 1957இல் தொடங்கிய புகழ்பெற்ற வணிகச் சந்தை இப்போது நடப்பது அந்தப் பாசோவில்தான்.

ஏப்ரல் 15, அக்டோபர் 15 என்று ஆண்டுக்கு இரண்டு முறை கூடும் சந்தை அது. ஒவ்வொன்றும் மூன்று கட்டங்கள்: முதலில் மின்னணுச் சாமான்களும் இயந்திரங்களும், அடுத்து வீட்டு உபயோகப் பொருள்கள், கடைசியாகத் துணிமணி, பொம்மை போன்றவை. அந்த நாள்களில் பாசோவைச் சுற்றியுள்ள அறைகளின் வாடகை தாறுமாறாக ஏறும். அங்கேயே தங்கியாக வேண்டும் என்று பலர் கடன் வாங்கியாவது கொடுக்கிறார்கள். தேவையே இல்லை. பழைய நகரத்தில் தங்கினால் வண்டி மாறாமல் அரை மணி நேரம் போலத்தான் ஆகும். ஹாங்காங்கிலிருந்து அதிவேக ரயிலில் குவாங்சோ தெற்கு நிலையத்தில் இறங்குகிறவர்கள் 2ஆம் தடத்தில் ஏறி, சாங்காங்கில் 8ஆம் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

வியாபாரமே இல்லாமல் போனாலும் நான் சொல்வது அந்தப் பழைய மேற்குப் பகுதியைத்தான். லீவான் என்று பெயர். என்னிங் சாலையில் மேல்மாடிகள் நடைபாதையின் மேல் நீண்டு தூண்களில் நிற்கின்றன. பினாங்கின் ஐந்தடிப் பாதையில் நடந்தவர்களுக்குப் பழகிய நிழல்தான். மழை கொட்டினாலும் குடையில்லாமல் கடை கடையாகப் போகலாம். காலையில் தேநீர் மாளிகைகளில் மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும். மூங்கில் கூடைகள் ஆவியோடு வந்திறங்கும். ஒருவர் கோப்பையில் தேநீர் ஊற்றினால், அடுத்தவர் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் மேசையைத் தட்டுவார். அதுதான் நன்றி. இதை விடிகாலையில் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் தங்கியிருக்க வேண்டும்.

ஹுவாலின் கோவிலும் அங்கேதான். போதிதர்மர் கடல் வழியே வந்து கரையேறிய இடம் இது என்பது அவ்வூர் ஐதீகம். காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிவரும் அதே போதிதர்மர்தான். கொஞ்சம் தள்ளி ஷாமியான் தீவு. 1861 முதல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வைத்திருந்த இடம். ஆலமர நிழலில் ஐரோப்பியக் கட்டடங்கள். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு அந்த அமைதி பிடிக்கும்.

வானுயர்ந்த கட்டடங்களும் 600 மீட்டர் கோபுரத்தின் விளக்குகளும் ஜன்னலில் தெரிய வேண்டுமென்றால் தியான்ஹ பக்கம் போகலாம். ஆனால் அங்கே ஓடும் 3ஆம் தடத்தில் காலை நேர நெரிசல் கடுமை. குழந்தைகளோடு ஏறாதீர்கள். சீனச் சாப்பாடு ஒத்துவராது என்று பயப்படுகிறவர்களுக்குச் சியாவ்பெய் நல்லது. ஆப்பிரிக்க, அரபு வியாபாரிகள் புழங்கும் இடம். இந்தியச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். குவாங்சோ ரயில் நிலையத்தை (தெற்கு நிலையம் அல்ல) ஒட்டிய மொத்த விலை ஆடைக் கடைகளும் அருகில்தான்.

பகுதி முடிவானதும் அறை. மலிவான அறைகளில் பல, ஜன்னலே இல்லாதவை. பதிவின்போது சிறிய எழுத்தில் இருக்கும், படித்துவிடுங்கள். குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே வெறும் கண்ணாடிச் சுவர் உள்ள அறைகளும் சகஜம். குடும்பத்தோடு போகிறவர்கள் திரை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசும்போது சுவரும் தரையும் வியர்க்கும், துவைத்த துணி காயவே காயாது. அப்போது பழைய கட்டடங்களின் தரைத்தளம் வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். வெளிநாட்டார் தங்கும் விவரம் போலீசில் பதிவாக வேண்டும். ஓட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ அவரோ போலீசில் பதிவு செய்ய வேண்டும். சிறிய விடுதிகளில் சிலருக்கு இந்த நடைமுறை பழக்கமில்லை. வெளிநாட்டாரை ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்திருங்கள். ஓட்டல் முகவரியைச் சீன எழுத்தில் போனில் படமாகச் சேமித்துக்கொண்டால் டாக்சிக்காரரிடம் காட்டலாம்.

அக்டோபர் சந்தைக்குக் கிளம்புகிறவர்கள் ஆகஸ்டிலேயே அறை பேசிவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகவே எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்