கண் சிவந்தால் கணக்கில் எழுது!



தாராவியில் குடியிருக்கும் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர், தையல் தொழிலாளி. 2021ஆம் ஆண்டு கொரோனா தடுப்பூசியில் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டார். நான்காம் நாள் வலக்கண் சிவந்தது, வலித்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஊசிக் காதில் நூல் கோக்க முடியவில்லை. "மெட்ராஸ் ஐ" என்று சொல்லி மருந்துக் கடைக்காரர் ஒரு சொட்டு மருந்தை விற்றார். தாய்ப்பால் விடச் சொன்னார் பக்கத்து வீட்டு அம்மாள். பத்து நாள் போயிற்று. பார்வை மங்கிய பிறகுதான் கண் டாக்டரிடம் போனார். இது மெட்ராஸ் ஐ அல்ல, கண்ணுக்குள்ளே அழற்சி, 'யூவியைட்டிஸ்' என்றார் டாக்டர்.

"ஊசி போட்டதால் வந்ததா ஐயா?" என்று நம் தோழர் கேட்டார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று பதில் வந்தது. அது நியாயமான பதில்தான். ஆனால் ஊசி போட்ட இடத்துக்குப் போய்ச் சொன்னபோது என்ன நடந்தது? "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, போ" என்று விரட்டினார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக்கொள்ளவில்லை. கண் தப்பியது. ஆறு வாரக் கூலி போயிற்று.

இதை நாம் பேசத் தொடங்கியதும் இரண்டு கூட்டத்தார் வந்து நிற்கிறார்கள். "பார்த்தீர்களா, தடுப்பூசியே விஷம்" என்கிறது ஒரு கூட்டம். "வாயை மூடுங்கள், இதையெல்லாம் எழுதினால் மக்கள் பயந்துவிடுவார்கள்" என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு பேருக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கூட்டத்தாரே! கண்ணைப் பற்றியா பேசுகிறீர்கள்? நம் பாட்டன் பாட்டி காலத்தில் எத்தனை கண்களைப் பெரியம்மை குடித்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 1975 மே மாதம் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளியைக் கண்டார்கள். அதை ஒழித்தது வேப்பிலை அல்ல, அம்மை குத்தும் ஊசி. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிள்ளை கண்புரையோடு பிறக்கக்கூடும். அதைத் தடுக்கும் ஊசியைப் பெருமளவில் போடும் இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது, முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்போதும் வதந்தி பரப்பினீர்கள். ஏழை வீட்டுப் பிள்ளையின் கண்ணோடு விளையாடாதீர்கள்!

இரண்டாவது கூட்டத்தாரே! உண்மையைச் சொன்னால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்கிறீர்கள். அம்மை குத்திய காலத்தில், குத்திய புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தவர்களுக்குக் கண்ணிலும் புண் வந்ததுண்டு. டாக்டர்கள் அதை மறைக்கவில்லை. புத்தகத்தில் எழுதினார்கள், புண்ணைத் தொடாதே என்று எச்சரித்தார்கள். அதனால் பெரியம்மை ஒழிப்பு நின்றுவிட்டதா?

யூவியைட்டிஸ் விஷயமும் இப்படித்தான். ரத்தக் குழாய்கள் நிறைந்த கண்ணின் நடுப்படலம் அழற்சி கொள்வதே இந்த நோய். நோயை எதிர்க்க ஊசி தூண்டிவிடும் சக்தி, அபூர்வமாகச் சொந்தக் கண்ணின் மீதே திரும்பலாம் என்று டாக்டர்கள் ஐயுறுகிறார்கள். மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி ஊசிக்குப் பின் இப்படிக் கண் நோய் கண்ட 32 பேரின் விவரத்தை 2010இல் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்டார்கள். முடிந்த முடிபு என்று அவர்கள் சொல்லவில்லை. கருதுகோள் என்றே சொன்னார்கள். கொரோனா ஊசிக்குப் பின்னும் பல நாடுகளில் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர்க்குச் சொட்டு மருந்திலேயே ஆறிவிட்டது. கோடிக்கணக்கில் போட்ட ஊசியில் இது மிக அபூர்வம். ஆனால் அபூர்வம் என்பதும் எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் அல்லவா? எண்ணாமலே அபூர்வம் என்பது எப்படி?

இந்தக் கண் நோய்க்குக் காசநோய், முதுகுத்தண்டு வாதம், அக்கி என்று வேறு காரணங்களும் உண்டு. ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்தது ஆகாது. அதனால்தான் எழுது என்கிறோம்! 1993 கடைசியில் பெருமழைக்குப் பின் மதுரையில் இதே யூவியைட்டிஸ் பலருக்கு வந்தது. அங்குள்ள கண் டாக்டர்கள் "சம்பந்தமில்லை, போ" என்று அவர்களை விரட்டவில்லை. ஒவ்வொருவரையும் குறித்துவைத்தார்கள், ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். எலிக்காய்ச்சல் கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கணக்கு எழுதியதால் குற்றவாளி அகப்பட்டான். ஊசி நிரபராதி என்றால் அதை விடுவிக்கப்போவதும் அதே கணக்குத்தான்!

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது என்று 2022 மே 2ஆம் தேதி உச்சநீதிமன்றம் சொன்னது. ஊசிக்குப் பின் வந்த கோளாறைத் தனி மனிதரும் தனியார் டாக்டரும் பதிவு செய்ய அரசு வழி செய்ய வேண்டும், பெயரை மறைத்து அவற்றை மக்கள் முன் வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மருந்துக் கோளாறை நோயாளியே எழுதிக் கொடுக்கும் பாரம் தமிழிலும் உண்டு. தாராவியில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டோம்?

நஷ்ட ஈட்டின் கதை இன்னும் மோசம். பிரிட்டனில் 1979இலும் அமெரிக்காவில் 1986இலும் இதற்கென்றே சட்டம் செய்தார்கள். நம் மத்திய அரசோ, பெண்ணைப் பறிகொடுத்த பெற்றோர் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில், பொறுப்பு எங்களுடையதல்ல, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும் என்றது. தினக்கூலிக்காரன் சிவில் கோர்ட்டுக்குப் போவதா? வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி யார் தருவது?

நாம் கேட்பது சலுகை அல்ல.

1. ஊசி போடும் இடந்தோறும், என்னென்ன கோளாறு வரலாம் என்று தமிழ், மராட்டி, இந்தி மூன்றிலும் எழுதிவை.

2. கோளாறு என்று வருபவரை விரட்டாதே. எழுதிக்கொள், எழுதியதற்குச் சீட்டுக் கொடு.

3. பாதிக்கப்பட்டவருக்கு இலவச வைத்தியமும் இழந்த கூலியும் கொடு.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசிக்குப் பின்னோ, வேறு எப்போதோ, கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அன்றே கண் டாக்டரிடம் ஓடுங்கள். ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கிச் சொட்டு மருந்து விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததைக் கண்டபடி விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகலாம். தாய்ப்பாலும் வேண்டாம், அது பிள்ளைக்கு.

டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலன்றி, பிள்ளைகளுக்குப் போடவேண்டிய ஊசியை நிறுத்தாதீர்கள். ஊசிக்குக் கை நீட்டுவோம். கோளாறு வந்தால் பதில் கேட்டு அதே கையை உயர்த்துவோம்!