முனைவர் படிப்பும் ஒரு வேலைதான்

‘இன்னும் எத்தனை வருஷம் படிப்பான்?’ முனைவர் பட்டம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இது. கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து.

ஜெர்மனி, நெதர்லாந்து, பின்லாந்து போன்ற நாடுகளில், சூப்பர் கம்ப்யூட்டர் சார்ந்த முனைவர் இடங்கள் பெரும்பாலும் வேலை விளம்பரமாகவே வருகின்றன. நேர்காணல், ஒப்பந்தம், மாதச் சம்பளம், ஆண்டு விடுப்பு எல்லாம் உண்டு.

அப்படி என்ன வேலை? ஜெர்மனியின் யூலிஷ் நகரில் 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட ‘ஜூப்பிட்டர்’, ஐரோப்பாவின் முதல் எக்ஸாஸ்கேல் கணினி. எக்ஸாஸ்கேல் என்றால் ஒரு விநாடிக்கு, 1-க்குப் பின் 18 பூஜ்யங்கள் போட்டால் வரும் அத்தனை கணக்குகள். ஆனால், சாதாரண நிரலை அதில் ஏற்றினால் வேகம் தானாக வந்துவிடாது. நூறு சமையற்காரர்கள் இருந்தும் அடுப்பு ஒன்றுதான் என்றால் பந்தி சீக்கிரம் நடக்குமா? ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்காமல் பார்த்துக்கொள்ளும் வழியைக் கண்டுபிடிப்பதும் இத்துறையில் ஓர் ஆய்வு. பருவநிலை, மருந்து, விமான வடிவமைப்பு என எல்லாவற்றுக்கும் அது தேவை. சிங்கப்பூரிலும் இதற்கென 2015ல் தேசிய நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது.

“நல்ல சம்பளத்தை விட்டுட்டுப் போறேங்கிறான். வீடு எப்போ, கல்யாணம் எப்போ?” என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். மகன் வங்கியில் மென்பொருள் எழுதுபவர். கவலை நியாயமானது. வங்கிச் சம்பளம் அங்கே கிடைக்காது. மத்திய சேமநிதியில் முதலாளியின் பங்கும் அந்த ஆண்டுகளில் சேராது. இதை மறைப்பதில் பயனில்லை என்று அவரிடமும் சொன்னேன்.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சம்பளம் முழுதா, பகுதியா? ஜெர்மனியில் பல இடங்களில் முழுநேரச் சம்பளத்தின் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோதான் தருவார்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டு என்றால், நான்காம் ஆண்டுக்கு யார் பணம் தருவது? பெரிய கணினியில் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படும்? அந்தப் பேராசிரியரிடம் ஆய்வு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

நான்காவதே முக்கியம். முன்னாள் மாணவர்கள் இருவருக்காவது எழுதிக் கேளுங்கள். ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று முகவர் யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள். சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கும் வேலைக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பதில்கள் கையில் வந்ததும் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, வாடகை முதல் விமானச் சீட்டு வரை கணக்குப் போடுங்கள். கணக்கு ஒத்துவந்தால், தயங்காமல் புறப்படுங்கள்.