நாவ் தாமதமும் சட்டத்தரணிச் செலவும்

ஒஸ்லோவின் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணியிலும் இருபது, இருபத்தைந்து வருடங்கள் நின்று உழைத்த எம்மவர்கள் பலருக்கு இன்று முதுகும் தோளும் முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. நோய் விடுப்புப் பணம் ஒரு வருடத்துடன் முடிகின்றது. அதன்பின் வேலைத்திறனைக் கணிக்கும் காலத்துக்கான கொடுப்பனவு. அது முன்னைய வருமானத்தில் 66 வீதம். 'ஊஃபோர' எனப்படும் இயலாமைக் கொடுப்பனவு அதற்கும் அப்பால். இந்தப் படிகளைத் தாண்டுவதற்குள் வீட்டுக் கடனும் ஊருக்கு அனுப்பும் பணமும் ஆட்டம் காண்கின்றன.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், "இனிக் கதைச்சுப் பிரயோசனமில்லை" என்று கடிதத்தை மூடி வைப்பவர்களும் உண்டு; யாரோ சொன்ன சட்டத்தரணியிடம் ஓடி மணித்தியாலக் கணக்கில் பணம் கட்டுபவர்களும் உண்டு. இரண்டும் அவசர முடிவுகள் என்பதே எமது கருத்து.

இழுபறி பலவேளைகளில் வைத்தியரின் அறையிலேயே தொடங்குகின்றது. உழைக்கும் திறன் பொதுவாகப் பாதியளவாவது நிரந்தரமாகக் குறைந்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே "நோவு இருக்கிறது" என்ற சான்று போதாது. எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு பாரம் தூக்க முடியும், என்ன சிகிச்சை செய்தும் பலனில்லை என்பவை எழுத்தில் வரவேண்டும். நாமோ வைத்தியர் சுகம் கேட்டால் மரியாதைக்குப் "பரவாயில்லை" என்கிறோம்! அதுவும் கோப்பில் ஏறிவிடும். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிச் செல்வதும் வேண்டாம். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தேவையான இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அரச அலுவலகத்தின் கடமை.

நிராகரிப்புக் கடிதம் கிடைத்து 6 வாரங்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் கட்டாயமில்லை. கோப்பின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். நம்பிக்கையான ஒருவரை எழுத்துமூலம் பிரதிநிதியாக நியமிக்கலாம். நாவின் மேன்முறையீட்டுப் பிரிவும் மறுத்தால், 1967 முதல் இயங்கிவரும் த்ரிக்தெரெத்தன் என்ற காப்புறுதி நீதிமன்றம் இருக்கின்றது. அங்கும் கட்டணமில்லை, பெரும்பாலும் எழுத்திலேயே விசாரிப்பார்கள்.

சிக்கலான வழக்குக்குச் சட்டத்தரணி தேவைப்படுவதை நாம் மறுக்கவில்லை. வேலைத்தள விபத்து, நிபுணர்களிடையே முரண்பாடு போன்றவற்றில் தனியே எழுதுவது கடினம். முடிவு எமக்குச் சாதகமாக மாறினால், நிர்வாகச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி அவசியமான செலவை நாவிடம் கோரலாம். புதிய முடிவு கிடைத்து 3 வாரங்களுக்குள் கோரவேண்டும். இது தெரியாமல் முழுத் தொகையையும் தாமே சுமப்பவர்கள் இருக்கலாம்.

ஆனால் தோற்றால் செலவு கையை விட்டுத்தான் போகும். அப்படியானால் வென்ற பின்னர் கிடைக்கும் உதவி, வழக்கைத் தொடங்கவே வசதியில்லாதவருக்கு என்ன பயன்? அதற்காகத்தான் இலவசச் சட்ட உதவி இருக்கின்றது. ஆனால் அங்கே கணவன், மனைவி இருவரின் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றது. மனைவி நோயில் விழுந்து கணவன் பேருந்து ஓட்டும் குடும்பம், தாளிலே வசதியான குடும்பம் ஆகிவிடலாம். வீட்டுக் கடன் கட்டிய பின் மிஞ்சுவதை யார் கணக்கெடுக்கிறார்கள்? வருமான வரம்பு அண்மைய வருடங்களில் உயர்த்தப்பட்டது உண்மை. எமது பார்வையில் அது போதாது.

இதற்கிடையில், 1971இல் ஒஸ்லோவில் சட்ட மாணவர்கள் தொடங்கிய யுஸ்பூஸ், பெண்களுக்காக 1974இல் தொடங்கிய யூர்க் ஆகியவை இலவச ஆலோசனை வழங்குகின்றன. எவ்வகை வழக்குகளை எடுப்பார்கள் என்பதை முதலில் கேட்டறியுங்கள். நோர்வேஜிய மொழியில் படித்துப் பட்டம் பெற்ற எமது இளையோர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இத்தகைய கடிதங்களை வாசித்து விளக்க முன்வரவேண்டும். வருமானக் கணிப்பு முறையை மாற்றும்படி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சங்கம் எழுதவேண்டும் என்பதையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்வைக்கவுள்ளோம்.