வீடணன் மகள் ஆடும் ஆடல்

இராமகாதை நமக்குப் புதிதன்று. ஆயினும், வீடணனுக்குப் பெஞ்சகாய் என்றொரு மகள் இருந்தாள் எனக் கூறின், கம்பனைக் கற்றோர் வியப்புறுதல் கூடும். கம்பன் காட்டும் வீடணன் மகள் திரிசடை. சிறையிருந்த சீதைக்குத் துணை நின்றவள். தாய்லாந்து மக்கள் போற்றும் இராமகியன் என்னும் காவியத்திலோ, திரிசடை வீடணனின் மனைவி. அவ்விருவர்க்கும் பிறந்தவளே பெஞ்சகாய். மூலத்தைத் திரித்துவிட்டனர் என்று இதனை ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அவர் கூற்றுக்கு நாம் உடன்படோம். ஒதுக்கினால், உயர்ந்ததோர் ஆடலின் பொருளையே இழந்தவராவோம்.

சீதை மாண்டாள் என இராமன் நம்பின் போர் ஓயும் என எண்ணுகிறான் இராவணன். தம்பி மகளை அழைத்து, சீதையின் உருக்கொண்டு பிணமாய் ஆற்றில் மிதக்குமாறு பணிக்கிறான். தந்தையோ பகைவர் பாசறையில்; தாயும் அவளும் இலங்கை வேந்தன் கையில். மறுத்துரைக்க அப்பேதையால் இயலுமோ? உருமாறி மன்னன்முன் செல்லுங்கால் அவள் ஆடுவதே ‘சுய்சாய்’ எனப்படும் ஆடல். வேற்றுரு எடுத்த பாத்திரம் தன் எழிலைத் தானே வியந்து ஆடுவது அது. இவளுக்குரிய பாடலை இயற்றியவர் இளவரசர் நரிசரா நுவத்திவொங் (1863–1947). பாடுவோர் ஓரடி பாடி நிறுத்த, ‘பீ’ என்னும் ஊதுகருவி அச்சொற்களின் ஏற்றவிறக்கத்தைத் தன் ஒலியால் மீட்டும் கூறும். நங்கையும் அதற்கேற்ப அசைவாள்.

அந்நாட்டு மரபில் பெண்பாத்திரத்தை ‘நாங்’ என்பர். ஆண்பாத்திரம் முழங்கால்களை அகல விரித்து நிற்கும்; நாங் அவற்றை ஒடுக்கி நிற்பாள். ஆண்பாத்திரத்தின் கை தலையளவு உயர, இவள் கை புருவக்கடையோடு அமையும். முகம் பெரிதும் அமைதியாகவே இருக்கும். வளைந்த விரலும் சாய்ந்த கழுத்துமே உள்ளத்தை உணர்த்தும். சீதையின் அடக்கமும் அரக்கர்குல மங்கையின் செருக்கும் ஓருடலில் தோன்ற வேண்டிய இவ்வாடலுக்கு, இக்கட்டுப்பாடே உயிராகின்றது.

இவ்வேடம் பெண்டிர் கைக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. முகமூடி நாடகமாகிய ‘கோன்’ முற்காலத்தில் ஆடவர்க்கே உரியது. சீதையாகவும் ஆடவரே ஆடினர். பெண்டிர் ஆடும் நாடகமோ அரண்மனைக்குள் அடங்கியிருந்தது. 1855ஆம் ஆண்டில் மொங்குத் மன்னர் பிறரும் பெண்களைப் பயிற்றலாம் என இசைந்தார். 1934இல் அரசின் நடனப் பள்ளி பாங்கொக்கில் தோன்றியது. இன்று கோன் அரங்கிலும் பெஞ்சகாயாகப் பெண்டிரே ஆடுகின்றனர்.

ஆயினும், இவ்வாடலைக் கதையினின்று பிரித்துத் தனியே ஆடிக்காட்டும் வழக்கமும் உண்டு. காண்போர் அழகைக் கண்டு மகிழ்ந்து செல்கின்றனர். அது போதாது என்பதே எம் கருத்து. அடுத்து நிகழ்வன யாவை? இராவணனே அவளைச் சீதையென மயங்கிக் காதல்மொழி பேசுகிறான். பின்னர் அவள் பிணமாய் மிதக்கிறாள். உடல் அழுகாமையும், நீரை எதிர்த்து வந்தமையும் கண்டு அனுமன் ஐயுறுகிறான். ஈமத்தீயில் இட, புகையோடு மேலெழுந்து ஓடுகிறாள். அனுமன் பற்றிக் கொணர்கிறான். தீர்ப்புக் கூறும் பொறுப்பு வீடணனிடமே விடப்படுகிறது. பெற்ற மகளுக்கு அவன் விதித்தது மரண தண்டனை! இராமன் மன்னித்து விடுவிக்கிறான்.

இவற்றை அறிந்தவர்க்கு அவ்வாடல் வேறோர் ஆடலாகும். அவள் வியந்து நோக்கும் எழில் அவளுடையதன்று; அவளைக் கொல்ல இருந்த கருவி. 2010இல் அரசி சிரிகித்தின் ஆதரவில் இப்பகுதி முழு நாடகமாக பாங்கொக்கில் ஆடப்பெற்றது. அதுவே தக்க முறை. 2018இல் யுனெஸ்கோ கோன் கலையை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒரு கலையின் பெயரைக் காக்கும். பொருளைக் காப்பவர் கதையறிந்து காண்போரே. நம் மாணவர் கம்பனோடு இராமகியனையும் அறிவாராக. பகைவர் குலத்துச் சிறுமிக்கும் இத்துணை அழகிய ஆடலை வழங்கிய ஒரு நாட்டாரிடம், நாம் கற்கவேண்டுவது உண்டு.